சுறாக் கூண்டில் முதலில் இறங்கியவன்

மச்சான்,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் மகள் சுறாக் கூண்டில் இறங்குவாள் என்றேன், இறங்கிவிட்டாள். முதல் தடவை ஒரு நிமிஷம் தாங்க மாட்டாள், ஏறிவிடுவாள் என்றேன், ஏறினாள். மறுபடி இறங்குவாள், அப்போது வெள்ளைச் சுறா வரும் என்றேன், அதுவும் வந்தது. யாங்கூனில், தாமுவேயில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, தென்னாப்பிரிக்கக் கடலில் நடக்கப்போவதைச் சொன்னவன் நான். நீ இருந்தால் பாராட்டியிருப்பாய். இங்கே ஒருவரும் பாராட்டுவதாக இல்லை.

இன்று காலை சந்தையில் சாமிக்குப் படைக்கிற தேங்காய்த் தட்டில் வைக்க வாழைச் சீப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். சீப்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனை உள்ளே போன அதே நேரம் சட்டைப் பையில் போன் உதறியது. வள்ளி அனுப்பிய வீடியோ. சாம்பல் நிறத் தண்ணீர், கூண்டுக் கம்பி, கம்பியைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் கையுறை. பிறகு ஒரு வெள்ளை வயிறு, வருகிறது, வருகிறது, முடியவே மாட்டேன் என்கிறது. அந்தக் கண் இருக்கிறதே, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது படகின் மேல்தளம். முகமூடியைக் கழற்றிவிட்டு, மூக்கு ஒழுக நிற்கிறாள் உன் மகள். "மாமா, ரெண்டாவது தடவ எறங்கிட்டேன். அப்பா மாதிரி" என்கிறாள். அவ்வளவுதான் வீடியோ.

நான் அதை ஏழு தடவை பார்த்தேன். பழக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழம் நல்லாத்தான இருக்கு அண்ணே, ஏன் அழுவுறீங்க" என்றாள். கண்ணில் தூசி என்றேன். "தூசி ஒரு கண்ணுலதான் விழும்" என்றாள். இந்த ஊரில் பழம் விற்பவர்களுக்கெல்லாம் வாய் நீளம்.

சீப்பை வாங்கி வந்து கடையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். என் தமிழ் கோயில் பள்ளித் தமிழ். நாலாம் வகுப்போடு நின்றவன் என்று சொல்வார்கள். நான் நிற்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் அதற்குமேல் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அதில் எனக்கு ஒரு வசதியும் உண்டாயிற்று, மறைக்கவில்லை. நம் சுறாக் கதைக்கு இப்போது நான் ஒருவன்தான் சாட்சி. நீ இருந்தவரை பதினான்கு அடியாக இருந்த சுறா, நீ போன பிறகு பதினெட்டு அடிக்கு வளர்ந்துவிட்டது. தேநீர்க் கடைப் பக்கிரி போன வாரம் எல்லார் முன்னாலும், "பாத்துண்ணே, இன்னும் ரெண்டு வருஷம் போனா அது யாங்கூன் ஆத்துல நொழையாது, திரும்பவும் முடியாது" என்றான். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவன்கூடக் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவன் இல்லை.

அந்தக் கதையைத் தேநீர்க் கடையில் சொல்கிற மாதிரியே உனக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தபோதும் நீ பேசியதில்லை, டம்ளருக்குள் பார்த்துச் சிரிப்பாய், அவ்வளவுதான்.

நாம் இருவரும் ஒரே கப்பல். நீ பற்றவைக்கிற பிட்டர், நான் எண்ணெய் போடுகிறவன், அதாவது மொத்த இன்ஜினும் என் கையில்தான் ஓடியது. தென்னாப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் சுழலித் தண்டு கெட்டுப்போய்ப் பதினோரு நாள் கட்டிக் கிடந்தோம். வள்ளி அப்போது உன் பெண்டாட்டி மா சேனின் வயிற்றில் ஆறு மாதம். ஒரு நாள் சாயங்காலம் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன், பற்றவைக்கத் தெரிந்த ஆள் உண்டா என்று கேட்டுக்கொண்டு கப்பலடிக்கு வந்தான். வெள்ளைச் சுறா பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகிற படகு அவனுடையது. ஆட்களை உள்ளே நிறுத்தித் தண்ணீரில் விடுகிற இரும்புக் கூண்டின் கதவுக் கீல் ஒடிந்துவிட்டதாம். நான்தான் உன்னை முன்னால் தள்ளினேன். நீ இரண்டு மணி நேரத்தில் கீலைச் சரிசெய்துவிட்டு, மற்ற இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டாய். கூலிக்குப் பதில் நாளைக்கு இரண்டு பேரும் படகில் வாருங்கள் என்றான் தாடிக்காரன். திரும்பி நடக்கும்போது நான், "மச்சான், கூண்டு தாங்குமா" என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே, "கம்பி தாங்கும். நாமதான் தாங்குறோமான்னு பாக்கணும்" என்றாய்.

மறுநாள் நீ செய்த காரியம் யாங்கூன்காரனைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான். தண்ணீரில் கால் வைக்குமுன் தண்ணீரைக் காக்கிற ஊ ஷின் ஜீக்குப் பழம் வைக்க வேண்டும் என்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேக்கு மா சேனைப் பார்க்கப் படகில் போய்வந்த காலத்திலேயே பழகிவிட்டவன் நீ. அந்த ஊர்க் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, படகின் தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டாய். தாடிக்காரனுக்கு முகம் தாடியைவிடச் சிவந்தது. அவர்கள் பக்கத்தில் படகில் வாழைப்பழம் ஏறினால் தரித்திரமாம். மீன் அண்டாது, இன்ஜின் நிற்கும், ஆள் விழுவான் என்று கத்தினான். எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, ஒரு சொல் விடாமல் உனக்கு எடுத்துச் சொன்னேன்.

"எங்க ஊர்ல பழம் இல்லாம படகே நகராதுன்னு சொல்லு" என்றாய்.

சொன்னேன். பழமா நீங்களா, ஒன்றுதான் ஏறலாம் என்றான்.

நீ கொஞ்சம் யோசித்தாய். "படகுல இருக்கக் கூடாது, சரி. வயித்துல இருந்தா பரவால்லையான்னு கேளு."

அவன் தாடியைச் சொறிந்துகொண்டு, சரி என்றான். படகுத்துறையில் நின்றபடியே எல்லாரும் ஆளுக்கு ஒன்று உரித்துத் தின்றோம். தாடிக்காரனே இரண்டு தின்றான். சீப்பில் மிச்சமிருந்த ஒன்றை நீ யாருக்கும் தெரியாமல் ரப்பர் உடுப்புக்குள் செருகியதை நான் பார்த்தேன். நான் எதையும் பார்க்காமல் விட்டவன் இல்லை.

வழியில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடந்த பாறைத்தீவு ஒன்று. அதன் நாற்றம், நம் ஊர்த் தாகேதாப் பாலத்தடியில் தண்ணீர் வற்றின நேரத்தில் அடிக்குமே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். தள்ளி ஒரு திமிங்கலம் முதுகைக் காட்டி, வாலைத் தூக்கிப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு முங்கியது. நங்கூரம் போட்டதும் அரைத்த மத்தியையும் மீன் எண்ணெயையும் அகப்பையால் மொண்டு கடலில் ஊற்றினார்கள். கூண்டைப் படகின் விலாவில் கட்டி இறக்கினார்கள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும். மேலே நிற்பவன் சுறாவைக் கண்டு குரல் கொடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும்.

முதலில் இறங்கியது நான். இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

பிறகு சுறா வந்தது. பதினெட்டு அடி. நேராக என்னிடம் வந்தது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, இரண்டு பேரும் கண் இமைக்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதன் மூக்கைத் தொட்டேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. நீ பக்கத்தில் நின்று, உடுப்புக்குள் இருந்த பழத்தை எடுத்து நீரில் விட்டாய். சுறா அதைச் சுற்றி மூன்று வலம் வந்தது. சூடம் கொளுத்தாத குறை. இப்படி இரண்டு ஆளைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று தாடிக்காரன் தொப்பியைக் கழற்றினான்.

இதுதான் தேநீர்க் கடைக் கதை. இதை நான் எந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டினேன் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அன்று சாயங்காலம் கப்பலில் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் தோளில் கை வைத்து, "இவன்தான் மொதல்ல எறங்கினான்" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் இல்லை, சாகும்வரையும் இல்லை. அந்த ஒரு வரியின் மேல் நான் நாலு மாடி கட்டிக்கொண்டேன்.

வள்ளி அந்த மாடியில்தான் வளர்ந்தாள். சோற்றுக் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, தான் கூண்டில் இருப்பதாக உன் வீட்டுக் கட்டிலடியில் உட்கார்ந்திருப்பாள். "அப்பா பயந்தாரா மாமா" என்பாள். உன் அப்பனா, ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை என்பேன். பள்ளிக்கூடம் முடித்துத் தாய்லாந்துத் தீவில் முக்குளிக்கிற படகொன்றில் வேலைக்குப் போனாள். நீ போன பிறகும் அங்கேதான் இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அதே தென்னாப்பிரிக்கக் கரையில் கூண்டுப் படகில் உதவியாள் வேலை கிடைத்தது. மா சேன் வேண்டாம் என்றார். "அகோ, நீங்க சொல்லுங்க, உங்க பேச்சத்தான் கேப்பா" என்று அண்ணன் முறை சொல்லி என்னிடம் வந்தார். நான், அவள் அப்பன் இறங்கின தண்ணீர், ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அனுப்பியவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டாள். கரண்ட் இல்லை. பம்பு மோட்டார் ஒன்றைப் பிரித்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தேன். மா சேனும் கடையில்தான் இருந்தார், தன் போனில் சார்ஜ் இல்லாமல் மகளோடு பேச வந்திருந்தார். வள்ளிக்குத் தமிழ் பாதி, பர்மியம் பாதி. பயம் வந்தால் தமிழ்தான் வரும், நம் வீட்டுப் பிள்ளை.

"மாமா, நான் வீட்டுக்கு வந்துருவேன்."

"ஏன், சோறு போடலையா?"

"கூண்டுல எறங்க முடியல. ரெண்டு மாசமா எறங்கல. ஒரு நாள் நான் கயிறு பிடிச்சிருந்தேன், சுறா வந்து கூண்ட இடிச்சிருச்சி. அதுலருந்து கால் போகல மாமா. படகுக்காரம்மா சொல்லிட்டாங்க. கூண்டுல எறங்காத ஆளு கூண்டுல ஆள எறக்க முடியாதுன்னு. சனிக்கிழமைக்குள்ள எறங்கணும். இல்லன்னா டிக்கெட் போட்டு அனுப்பிருவாங்க."

நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

"வேல போனா போவுது மாமா. அதுக்கில்ல. அப்பா பயப்படலையே. நான் அப்பா மக இல்லையோன்னு இருக்கு."

மச்சான், அந்த இடத்தில் என் கை செம்புக் கம்பியை விட்டுவிட்டது. மா சேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷமாக நான் கட்டிய மாடி, உச்சியில் உன்னை அசையாமல் நிறுத்திவைத்திருந்தேன், அதன் அடியில் அந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா பயப்படலன்னு?" என்றேன்.

"நீங்கதான் மாமா."

"நான் சொல்லுவேன். ஒங்கப்பன் மானத்தக் காப்பாத்த சொன்னேன். இப்ப நெசத்தக் கேளு." எனக்கே ஆச்சரியம், குரல் நடுங்காமல் வந்தது. "எறங்கின ஒடனே முகமூடிக்குள்ள ஆவி கட்டிக்கிச்சி. ஒண்ணும் தெரியல. தண்ணி கழுத்துக்குள்ள போனதும் மூச்சு வரல. சுறா வந்து கதவ இடிச்சிது. இடிச்ச சத்தம் காதுல கேக்காது, பல்லுல கேக்கும். அவ்வளவுதான். கம்பிய தட்டு தட்டுன்னு தட்டி, அக்குள்ள கை குடுத்து மேல இழுத்தாங்க. ஒரு நிமிஷம்கூட இல்ல. போர்வைய போத்தி இன்ஜின் பக்கத்துல ஒக்கார வெச்சாங்க. பல்லு அடிக்கிறது நிக்கல."

 "அப்பாவா?" என்றாள்.

"அப்பாதான். அர மணி நேரம் அப்படியே ஒக்காந்திருந்தாரு. அப்புறம் எழுந்தாரு. யாரும் சொல்லல, தானா எழுந்து, மறுபடி எறங்குனாரு. அந்த ரெண்டாவது தடவதான் நீ கேட்ட கதையெல்லாம்."

"ரெண்டாவது தடவ."

"நீயும் மொதத் தடவ ஏறிருவ. நான் சொல்லுறேன் பாரு, ஒரு நிமிஷம் நிக்க மாட்ட. ஏறி ஒக்காந்துக்க. வெக்கமில்ல. அப்புறம் எறங்கு. சுறா வரும்."

"வெள்ளச் சுறா இப்பல்லாம் அவ்வளவா வர்றதில்ல மாமா. கறுப்பு வெள்ள திமிங்கலம் இருக்குல்ல, ஓர்க்கா, அது இதோட ஈரலத் தின்னுருதுன்னு பயந்து வேற பக்கம் ஓடிருச்சி."

"பாத்தியா, அதுக்கே பயம். ஒனக்கு என்ன" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு, உன்னுடையதுதான். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

மா சேன் பேசி முடித்துப் போனைத் திருப்பித் தந்தார். "அகோ, அவரு இத எங்கிட்ட சொன்னதில்லையே" என்றார்.

"ஆம்பள இதெல்லாம் பொண்டாட்டிகிட்ட சொல்லுவானா?"

"அவரு சொல்லுவாரு. எல்லாத்தையும் சொல்லுவாரு." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் உருண்டிருந்த செம்புக் கம்பிச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். "சரி அகோ. இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று சனிக்கிழமை. கடையைத் திறக்கவில்லை. தேநீர்க் கடைக்கும் போகவில்லை. அவர்கள் படகு கிளம்பும் நேரம் நமக்கு மத்தியானம். கோயிலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அர்ச்சகர், "காலையிலதான வந்தீங்க" என்றார். சாமிக்கு மறதி என்றேன். இன்று காலை வீடியோ வந்தது. மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கிரியிடம் போய் நான் சொன்னபடியே நடந்தது என்று மார்தட்டினேன். "எப்படிண்ணே, மொதல்ல ஏறிருவான்னுகூட சரியா சொன்னீங்க" என்றான். அனுபவம் என்றேன். அது உண்மை.

இனி நீ ஒருவன் மட்டும் கேட்க வேண்டியது. பதினெட்டு அடி, மூக்கைத் தொட்டது, பழத்தை வலம் வந்தது எல்லாம் அலங்காரம். பக்கிரிக்கே தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், அதற்காகத்தான் தேநீர் வாங்கித் தருகிறார்கள். வள்ளியிடம் சொன்னது வேறு. அந்தப் போர்வையும் பல் அடித்ததும் யாருடையது என்று உனக்குத் தெரியும். நீ இறங்கினாய், கடைசி ஆள் ஏறும்வரை நின்றாய். ஏறி வந்து, ஈர உடுப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே கை விட்டு அந்தப் பழத்தை எடுத்தாய். நசுங்கிப் போயிருந்தது. தோலை உரித்து என் வாயருகே நீட்டினாய். "மேலேருந்து பாத்தாலும் சுறா சுறாதான் மச்சான், தின்னு" என்றாய். தின்றேன். கடல் தண்ணீர் ஏறி உப்புக் கரித்தது. இன்றைக்கும் தட்டில் வைத்து எடுத்த பழத்தை உரித்தால், எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், முதல் கடி எனக்கு உப்பாகத்தான் இருக்கிறது.

என் பயத்தை இருபத்துநாலு வருஷம், சாகும்வரை, நீ உன் வாய்க்குள் வைத்திருந்தாய். அதை எடுத்து உன் பெயரில் உன் மகளிடம் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், அதையும் நான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஆனால் வள்ளி எதைப் பிடித்துக்கொண்டு மறுபடி அந்தக் கூண்டில் இறங்கினாளோ, அந்த இரண்டாவது தடவை மட்டும் பொய். தாடிக்காரன் வந்து, இன்னொரு தடவை போகிறாயா என்று கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். நான் மறுபடி இறங்கவே இல்லை, மச்சான்.